எண்ணூரில் வலி எடுத்தால் ராயபுரம் எவ்வளவு தூரம்?

இரவு மணி 12.

எண்ணூர்க் குப்பத்தில் ஒரு வீடு. கடலுக்குப் போன கணவன் இன்னும் கரை திரும்பவில்லை. வீட்டில் இருக்கும் நிறைமாத கர்ப்பிணிக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது.

மாமியார் எழுந்து விளக்கைப் போடுகிறார். "கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு. விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்கிறார்.

பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வருகிறாள். "இன்னா ஆயா நீ! விடியற வரைக்கும் புள்ள காத்துக்கினு இருக்குமா? போனைப் போடு!" என்கிறாள்.

108-க்குப் போன் போகிறது.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. வட சென்னைக் கடலோரத்தில் பல வீடுகளில் நடக்கும் கதை. இந்தப் பெண் போய்ச் சேர வேண்டிய இடம், ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரி. தூரம் சுமார் 15 கிலோமீட்டர்.

பகல் என்றால் மின்சார ரெயில் உண்டு. கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை என்று வரிசையாக வந்துவிடலாம். நடுநிசியில் ரெயிலுக்கு எங்கே போவது? சாலைதான் கதி.

அந்தச் சாலை எப்படிப்பட்டது என்பதை வட சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும் சாலை அது. ஆம்புலன்சு மணி அடித்தாலும், அவ்வளவு பெரிய லாரி எந்தப் பக்கம் ஒதுங்கும்?

2 மணி நேரம்

பிரசவத்தில் தாயின் உயிரைப் பறிக்கும் முதல் எதிரி, ரத்தப்போக்கு. குழந்தை பிறந்த பிறகு கருப்பை சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் ரத்தம் நிற்காது. கடுமையான ரத்தப்போக்கைக் கவனிக்காமல் விட்டால், சுமார் 2 மணி நேரத்தில் உயிர் போய்விடக்கூடும்.

இதற்கு மருந்து உண்டு. விலையும் அதிகம் இல்லை. ஊசி போட்டுக் கருப்பையைச் சுருங்க வைக்கலாம். ரத்தம் ஏற்றலாம். தேவைப்பட்டால் ஆபரேஷன் செய்யலாம். ஆனால் இவை எல்லாம் அந்த 2 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும்!

செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்று 2 ஆராய்ச்சியாளர்கள். தாய்மார்கள் ஏன் சாகிறார்கள் என்று ஆராய்ந்து, 1994-ம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 3 தாமதங்கள் தாயைக் கொல்கின்றன என்று அதில் எழுதினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவு செய்வதில் தாமதம். வழியில் தாமதம். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம்.

"விடியட்டும்" என்று மாமியார் சொன்னாரே, அது முதல் தாமதம். லாரிகள் நிற்கும் சாலை இரண்டாவது தாமதம். மூன்றாவது தாமதம் யாருக்கு அதிகம்? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் அந்த ஆஸ்பத்திரிகளின் பழைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கஞ்சித்தொட்டியும் முதலியாரும்

ராயபுரம் பழைய ஊர். தென்னிந்தியாவின் முதல் ரெயில், 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி இங்கே இருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. சுற்றிலும் மீனவர்கள், துணி வெளுப்பவர்கள், நெசவாளர்கள், மூட்டை தூக்குபவர்கள்.

பக்கத்தில் உள்ள ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் வேர், 1782-ம் ஆண்டுப் பஞ்சத்தில் இருக்கிறது. அப்போது பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் பிறகு ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. அதனால் ஸ்டான்லிக்குக் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றே பெயர்.

ஏழைகளுக்குக் கஞ்சி கிடைத்தது. பிரசவத்துக்கு?

எழும்பூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. 1844-ம் ஆண்டிலேயே தொடங்கியது. 1854-ம் ஆண்டில் சென்னையில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளியும் வந்தது. ஆனால் ராயபுரத்துப் பெண் வலியோடு எழும்பூருக்கு எப்படிப் போவாள்? மாட்டு வண்டிதான்.

1880-ம் ஆண்டில் ராயபுரத்திலேயே ஒரு பிரசவ ஆஸ்பத்திரி ஏற்பட்டது. அதை ஏற்படுத்தியவர் சவளை ராமசாமி முதலியார் என்ற வியாபாரி. சென்ட்ரல் ரெயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறதே, ராமசாமி முதலியார் சத்திரம், அந்தச் சத்திரத்தைக் கட்டியவரும் அவரேதான். சத்திரத்தைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் அவர் பெயரை அதிகம் சொல்பவர்கள் ராயபுரத்துத் தாய்மார்கள்தான். "ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி" என்று சொல்கிறார்கள் அல்லவா? "ராஜா சர் ராமசாமி முதலியார்" என்பதன் சுருக்கம்தான் அது!

இப்போது அது அரசு ஆஸ்பத்திரி. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. வட சென்னையில் தாய், மகள், பேத்தி என்று 3 தலைமுறையும் அங்கேயே பிறந்த குடும்பங்கள் உண்டு.

பெயர்ப் பலகையில் சாதி!

ராயபுரம் ஆஸ்பத்திரி வந்து 5 ஆண்டுகள் ஆயின. சென்னையில் இன்னொரு ஆஸ்பத்திரி வந்தது. அதன் கதை விசித்திரமானது.

மேரி ஷார்லீப் என்ற வெள்ளைக்காரப் பெண். கணவர் சென்னையில் வக்கீல். இந்த ஊர்ப் பெண்கள் பிரசவத்தில் படும் பாடு அந்த அம்மையாரின் காதுக்கு எட்டியது. ஆண் டாக்டர் முன்னால் வரமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டார்கள். வீட்டுக்குள்ளேயே துடித்துச் சாவார்கள்.

'நானே டாக்டருக்குப் படித்தால் என்ன?' என்று ஷார்லீப் நினைத்தார். 1875-ம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவரோடு இன்னும் 3 பெண்கள் சேர்ந்தார்கள். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதை உலகமே வேடிக்கையாகப் பார்த்த காலம் அது! பிறகு அவர் லண்டனுக்குப் போய் மேலே படித்துத் திரும்பினார். 1885-ம் ஆண்டில் பெண்களுக்காக ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கி வைத்தார்.

அந்த ஆஸ்பத்திரியின் பெயர் என்ன தெரியுமா? "சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் ஆன விக்டோரியா ஆஸ்பத்திரி"!

கோஷா என்றால் திரை. அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் திரைக்குள் வாழ்ந்த பெண்கள், கோஷாப் பெண்கள். "சாதிப் பெண்கள்" என்றால் மேல்சாதி இந்துப் பெண்கள். மற்றப் பெண்களோடு ஒரே வார்டில் படுக்கவும், ஒரே சமையலைச் சாப்பிடவும் மாட்டோம் என்று இருந்தவர்கள். அவர்களை ஆஸ்பத்திரிக்கு வரவழைக்க வேண்டும் என்றால் இப்படித்தான் பெயர் வைக்க வேண்டி இருந்தது.

ஷார்லீப் அம்மையாரின் நோக்கம் நல்ல நோக்கம்தான். எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. ஆனால் சாதி என்று ஒன்று தனக்கு இருப்பதாகவே ஊர் ஒப்புக்கொள்ளாத பெண், அந்தப் பலகையின் முன் நின்றிருந்தால் என்ன நினைத்திருப்பாள்? பிரசவ வலியில் மேல் வலி, கீழ் வலி என்று இருக்கிறதா?

1948-ம் ஆண்டில் அந்த ஆஸ்பத்திரிக்குக் கஸ்தூர்பா காந்தியின் பெயர் வைக்கப்பட்டது. திருவல்லிக்கேணியில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் இன்னும் "கோஷா ஆஸ்பத்திரி" என்றுதான் சொல்கிறார்கள். பலகையில் இருந்து சாதி போய்விட்டது. இன்று எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் சாதி கேட்டு வார்டு கொடுப்பது இல்லை.

அப்படியானால் எல்லாத் தாய்மாருக்கும் வழி ஒன்றாகிவிட்டதா?

கோட்டுக்கு அந்தப் பக்கம்

சென்னை மாநகராட்சி 1917-ம் ஆண்டிலேயே தாய்-சேய் நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மருத்துவச்சிகள் ஏழைகளின் வீடு தேடிப் போய்ப் பிரசவம் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் இது பெரிய காரியம்.

ஆனால் மாநகராட்சி என்றால் ஓர் எல்லைக்கோடு உண்டு. திருவொற்றியூர், எண்ணூர், மணலி எல்லாம் அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தன. எண்ணூரைச் சேர்ந்த கத்திவாக்கமும் திருவொற்றியூரும் மணலியும் தனித்தனி நகராட்சிகள்.

அங்கேதான் தொழிற்சாலைகள் வந்தன. 1948-ல் எண்ணூரில் மோட்டார் கம்பெனி. 1955-ல் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் கம்பெனி. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. 1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையம். சென்னைக்கு விளக்கு எரிந்தது. சாம்பல் எண்ணூருக்கு வந்தது.

இந்த ஊர்கள் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது 2011-ம் ஆண்டில்தான். திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறியது 2018-ம் ஆண்டில். அதாவது, எண்ணூர்ப் பெண் காகிதத்தில் பட்டணத்துக்காரி ஆகிச் சில ஆண்டுகள்தான் ஆகின்றன. இன்றைக்கும் பிரசவத்தில் பெரிய சிக்கல் என்றால் அவள் ராயபுரத்துக்குத்தான் வர வேண்டும்.

இன்னொரு வேடிக்கை உண்டு. பட்டணத்தில் வசதி அதிகம், பட்டிக்காட்டில் குறைவு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பிரசவ விஷயத்தில் தமிழ்நாட்டில் அது அப்படியே உண்மை அல்ல!

பொன்னேரிப் பக்கம் ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே கிராம சுகாதார நர்சு ஒருவர் இருப்பார். எந்த வீட்டில் எந்தப் பெண் எத்தனை மாதம் என்று அவருக்குத் தெரியும். மாத்திரை கொடுத்தாரா, ரத்த அழுத்தம் பார்த்தாரா என்று கணக்கு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 24 மணி நேரமும் நர்சுகள் இருக்க வேண்டும் என்று 3 நர்சுகளை நியமிக்கும் ஏற்பாடும் வந்தது.

பட்டணத்து ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. போன மாதம்தான் அந்தக் குடும்பம் குடி வந்தது. அடுத்த மாதம் இருக்குமோ இருக்காதோ! அங்கே ஒரு பெண் கர்ப்பமாக இருப்பது யாருக்குத் தெரியும்?

இந்திய அரசும் கிராமத்துக்குத்தான் முதலில் கவனம் செலுத்தியது. தேசிய ஊரக சுகாதாரத் திட்டம் 2005-ம் ஆண்டில் வந்தது. நகர்ப்புற ஏழைகளுக்கான திட்டம் 2013-ம் ஆண்டில்தான் வந்தது. 8 ஆண்டு இடைவெளி! அந்த 8 ஆண்டுகளில் பட்டணத்து ஓரக் குடிசைகளில் எத்தனை பிள்ளைகள் பிறந்திருக்கும்?

ஒரு தெரு, 3 வீடு

திருவொற்றியூரில் ஒரு தெரு என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்து 3 வீடுகள். 3 வீட்டிலும் கர்ப்பிணிகள்.

முதல் வீட்டுப் பெண், கம்பெனியில் நிரந்தர வேலை பார்க்கிறாள். மகப்பேறு உதவிச் சட்டம் 1961-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 2017-ம் ஆண்டு முதல் அவளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு. ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் வைத்தியமும் உண்டு.

இரண்டாவது வீட்டுப் பெண், காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்பவள். அவளுக்கு லீவு கொடுக்க முதலாளி இல்லை. கூடையைத் தூக்கினால்தான் அன்றைக்குக் காசு. மாதப் பரிசோதனைக்கு ஒரு நாள் போனால், அன்றைய வியாபாரம் போச்சு. 'அடுத்த மாசம் போயிக்கலாம்' என்று தள்ளிப் போடுகிறாள். அவளுக்கு ரத்தம் குறைவாக இருந்தால் அது எப்போது தெரியும்? பிரசவத்தின்போதுதான். தெம்பாக இருக்கும் பெண் தாங்குகிற ரத்தப்போக்கை, ரத்தசோகை உள்ள பெண் தாங்கமாட்டாள். 2019-21-ம் ஆண்டு தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியக் கர்ப்பிணிகளில் 100-க்கு 52 பேருக்கு ரத்தசோகை இருந்தது.

அவளுக்குக் கைகொடுக்கத் தமிழ்நாட்டில் ஒரு திட்டம் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு நிதி உதவித் திட்டம். 1987-ம் ஆண்டில் தொடங்கியபோது 300 ரூபாய். 2006-ல் 6 ஆயிரம். 2011-ல் 12 ஆயிரம். 2018-ல், சத்துப் பொருட்களையும் சேர்த்து 18 ஆயிரம். கூடை தூக்காமல் சில மாதம் வீட்டில் இருக்கட்டும் என்பதற்காகத்தான் இந்தப் பணம். ஆனால் நேரத்தோடு பதிவு செய்ய வேண்டும். பரிசோதனைக்குப் போக வேண்டும். தவணை தவணையாகத்தான் வரும்.

மூன்றாவது வீட்டுப் பெண்ணின் கதையைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

"தண்ணி போச்சா?"

அவள் ஒடிசாவில் இருந்து வந்தவள். பீகாராகவும் இருக்கலாம், வங்காளமாகவும் இருக்கலாம். கணவனுக்குக் கன்டெய்னர் கிடங்கில் கூலி வேலை. தமிழில் அவளுக்குத் தெரிந்தவை 10 வார்த்தைகள். அரிசி, தண்ணி, எவ்வளவு... அவ்வளவுதான்.

பிரசவ வார்டில் நர்சு கேட்கும் கேள்விகளை நினைத்துப் பாருங்கள். "தண்ணி போச்சா?" என்பார். பனிக்குடம் உடைந்துவிட்டதா என்பது கேள்வி. இவளுக்குத் தெரிந்ததோ குடிக்கும் தண்ணீர்! "எத்தனை மணிக்கு வலி வந்தது?", "குழந்தை அசைகிறதா?", "கண் இருட்டுகிறதா?" இந்தக் கேள்விகளுக்கு வரும் பதிலைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு எடுப்பார். தலைவலியும் கண் இருட்டும் வலிப்பு வருவதற்கு முன் அடையாளங்கள். அதைச் சொல்லத் தெரியாத பெண்ணுக்கு?

அங்கேதான் மூன்றாவது தாமதம் நுழைகிறது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி உள்ளே படுத்த பிறகும், அவள் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறாள்.

அடுத்தது காகிதம். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண் கொடுக்கிறார்கள். "பிக்மி" எண் என்று பெயர். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்கிறார்கள். இவளுடைய ஆதார் அட்டையில் ஒடிசா முகவரி. தாய்-சேய் அட்டையும் ஊரில்தான் கொடுத்தார்கள். முதல் 3 மாதப் பரிசோதனை அங்கே, பிரசவம் இங்கே.

எண்ணூரைத் தாண்டித் திருவள்ளூர் மாவட்டத்துக்குள் போனால் செங்கல் சூளைகள். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களில் இருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு மழைக்காலம் முடிந்து வருவார்கள். அடுத்த மழைக்கு முன்பு திரும்புவார்கள். கணவன், மனைவி, பிள்ளை எல்லோரும் சேர்ந்து கல் அறுத்தால்தான் முன்பணம் கழியும். எண்ணிக்கைக்குத்தான் கூலி. 9-ம் மாதத்திலும் மண்ணைப் பிசைந்துகொண்டு இருக்கும் பெண், ஒரு நாள் பரிசோதனைக்குப் போனால் அன்றைய எண்ணிக்கை குறையும்.

வெளிமாநிலத்துக்காரர்கள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அதே மாவட்டத்தில் இருளர்கள் இருக்கிறார்கள். இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். சாதிச் சான்றிதழுக்கும் ரேஷன் கார்டுக்கும் ஆபீசு ஆபீசாக அலையும் குடும்பங்கள் அவர்களில் பல. வீட்டுக்குப் பட்டா இல்லை, கையில் தாள் இல்லை. பயந்துகொண்டே ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார்கள்.

பயப்பட வேண்டியதே இல்லை! 2011-ம் ஆண்டில் வந்த இந்திய அரசின் தாய்-சேய் பாதுகாப்புத் திட்டத்தின்படி, அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் எந்தக் கர்ப்பிணிக்கும் பிரசவம் இலவசம். ஆபரேஷன் இலவசம். மருந்து, ரத்தம், சாப்பாடு, வண்டி எல்லாம் இலவசம். காகிதம் இல்லை என்றால் உதவிப் பணம் வராமல் போகலாம். பிரசவம் பார்க்காமல் இருக்க முடியாது. இந்த வித்தியாசத்தை அவளுக்குப் புரியும் மொழியில் சொல்ல ஆள் வேண்டும்.

செத்தவளுக்காக ஒரு விசாரணை

தமிழ்நாடு இந்த விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

1994-ம் ஆண்டில் இருந்து தமிழ்நாட்டில், பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அதைப் பதிவு செய்து விசாரிக்கிறார்கள். போலீசு விசாரணை அல்ல. ஏன் இறந்தாள்? எப்போது வலி வந்தது? எத்தனை மணிக்கு வண்டி வந்தது? எந்த ஆஸ்பத்திரியில் இருந்து எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்? ரத்தம் இருந்ததா? இப்படி ஒவ்வொரு மணி நேரமாகக் கேட்டு எழுதுகிறார்கள். பிறகு மாவட்டக் கலெக்டர் முன்னிலையிலும் விசாரணை நடக்கும் என்று ஏற்பாடு வந்தது. இறந்தவளின் குடும்பத்தாரையும் அழைப்பார்கள்.

யோசித்துப் பாருங்கள். கூலிக்காரக் குடும்பம் ஒன்று, கலெக்டருக்கு முன்னால் உட்கார்ந்து, "எங்க பொண்ணை 3 ஆஸ்பத்திரிக்கு அலைய வெச்சாங்க" என்று சொல்ல ஓர் இடம்! அந்தப் பேச்சில் இருந்துதான் பல குறைகள் வெளியே வந்தன. வண்டி இல்லை, இரவில் டாக்டர் இல்லை, ரத்தம் இல்லை. 2004-ம் ஆண்டுக்குப் பிறகு, எந்த நேரமும் ஆபரேஷன் செய்யக்கூடிய அவசரப் பிரசவ மையங்கள் மாவட்டம்தோறும் வந்தன. பிரசவ நேரத்தில் உறவுப் பெண் ஒருத்தி கூட இருக்கலாம் என்ற ஏற்பாடும் அப்போதுதான் வந்தது. 2008-ம் ஆண்டு செப்டம்பரில் 108 வண்டி ஓடத் தொடங்கியது.

பலன் என்ன?

1999-2001-ல் தமிழ்நாட்டில் 1 லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் 167 தாய்மார் இறந்தார்கள். 2018-20-ல் அது 54 ஆகக் குறைந்தது. அதே சமயம் இந்தியா முழுவதும் 97. அசாமில் 195. கேரளத்தில் 19. 2019-21-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100-க்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டால் எல்லாம் சமம் ஆகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. அதே கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகளில் 100-க்கு சுமார் 64 பிரசவம் ஆபரேஷன். அரசு ஆஸ்பத்திரிகளில் 36. ஏழைக்கு வேண்டிய நேரத்தில் ஆபரேஷன் கிடைக்குமோ என்று கவலை. பணக்காரிக்கு வேண்டாத ஆபரேஷனைச் செய்துவிடுவார்களோ என்று கவலை!

அமெரிக்காவிலும் உண்டு

தாய்மாருக்குள் பேதம் நம் ஊரில் மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். அமெரிக்கா உலகத்திலேயே பணக்கார நாடு. அங்கே 2021-ம் ஆண்டில், 1 லட்சம் பிறப்புக்கு வெள்ளைக்காரத் தாய்மார் இறந்தது சுமார் 27. கறுப்புத் தாய்மார் இறந்தது சுமார் 70. ஒரே நாடு, ஒரே ஆண்டு!

நமக்கு அடுத்த வீடு இலங்கை. 1930-களில் அங்கே 1 லட்சம் பிறப்புக்கு 2 ஆயிரம் தாய்மாருக்கு மேல் செத்துக்கொண்டு இருந்தார்கள். 1926-ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார நிலையம் போல் பல இடங்களில் நிலையங்கள் வந்தன. வீடு வீடாக மருத்துவச்சிகள் போனார்கள். 1950 வாக்கில் சாவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. உலகமே வியந்தது. ஆனால் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்ணுக்கு அந்தப் பலன் எளிதில் எட்டவில்லை. தோட்டத்துச் சுகாதாரம் தோட்ட முதலாளியின் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். 1948-ல் அவர்களின் குடியுரிமையும் போயிற்று.

நம்மவர்கள் வெளியூருக்குப் பிழைக்கப் போனபோது பட்ட பாடு இது. எண்ணூர்ப் பக்கத்திலேயே பர்மா நகர் இருக்கிறது. பர்மாவில் இருந்து திரும்பி வந்த தமிழர்கள் குடியேறிய இடம். வேற்று மொழிக்காரர் நடுவில் வாழ்ந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அடுத்த தெருவில் குடி வந்திருக்கும் ஒடிசாப் பெண்ணின் சங்கடம் அவர்களுக்குத் தெரியாதா என்ன?

கையில் இருக்க வேண்டியவை

வீட்டில் கர்ப்பிணி இருந்தால், கர்ப்பம் தெரிந்த உடனே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துவிட வேண்டும். அப்போதே பிக்மி எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். ரத்தசோகைக்குக் கொடுக்கும் மாத்திரையை வாங்கிப் பரணில் போடக் கூடாது. 8-ம் மாதம் பிறந்ததும், யார் கூடப் போவது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, ரத்தம் கொடுக்க யார் வருவார்கள் என்று பேசி வைக்க வேண்டும். தலைவலி, கண் இருட்டு, கால் முகம் வீக்கம், ரத்தம் படுதல், குழந்தை அசைவு குறைதல் இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

மலைப் பகுதிகளில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்க அறை கட்டி வைத்திருக்கிறார்கள். மலையில் வழி கடினம் என்பதால் இந்த ஏற்பாடு. லாரிகள் நிற்கும் எண்ணூர்ச் சாலையும் ஒரு மலைதான் என்று ராயபுரத்துக்கு வலியோடு வந்த எந்தப் பெண்ணும் சொல்வாள்.

அந்த முதல் பெண் என்ன ஆனாள்? வண்டி வந்தது. லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, தண்டையார்பேட்டையைத் தாண்டி, ராயபுரம் வந்து சேர்ந்தது. விடியற்காலையில் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

அடுத்த கட்டிலில் ஒடிசாக்காரி. அவளுக்கு ஆண் குழந்தை. அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்த எண்ணூர் மாமியார், தமிழிலேயே ஏதோ கேட்டார். அவள் ஒடியாவிலேயே ஏதோ சொன்னாள். மாமியார் கூஜாவில் இருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார்.

இரண்டு குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழிலும், பிறந்த இடம் என்ற இடத்தில் "சென்னை" என்றுதான் எழுதுவார்கள்.